தம்பு செட்டி தெரு டைப்பிங் கடையில் மூன்று கட்டு கனிம வழக்குகள்

மார்க்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசி வரை யாரும் படிப்பதில்லை. 5க்கு மூன்றரை. அதில் ஒன்றரை கடைக்கு, மீதி இரண்டும் கடையின் உள்பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் பெரியவருக்கு.

கடை தம்பு செட்டி தெருவில், காளிகாம்பாள் கோயிலிலிருந்து நடக்கிற தூரம்தான். குறையும் சொல்லப் போகிறேன் என்பதால் பெயர் போடவில்லை. போட்டாலும் பெரிய பயன் இருக்காது, ஏனென்றால் போர்டில் ஜெராக்ஸ், டைப்பிங், லேமினேஷன் என்பதுதான் பெரிய எழுத்தில் இருக்கிறது, அந்தத் தெருவில் பத்தடிக்கு ஒரு போர்டு அப்படித்தான். ஹைகோர்ட் மெட்ரோவில் இறங்கி எஸ்பிளனேடைத் தாண்டுவதுதான் பெரிய வேலை, மற்றது எளிது.

நான் வக்கீல் இல்லை. எதற்குப் போனேன் என்றால், எங்கள் பெரியப்பாவுக்காக. அவர் மேலூர்ப் பக்கம். 2024 நவம்பரில் அரிட்டாபட்டி, நாயக்கர்பட்டி என்று டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டார்களே, 2015 ஹெக்டேர் சொச்சம், அதில் 2022இல்தான் பல்லுயிர் பாரம்பரியத் தலம் என்று அறிவிக்கப்பட்ட இடமும் சேர்ந்திருந்தது, அந்த வட்டாரம். டிசம்பரில் சட்டமன்றத்தில் தீர்மானம், ஜனவரி 7ஆம் தேதி நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு ஊர்வலம், 23ஆம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது, எல்லோருக்கும் தெரிந்த கதைதான். ஊரே வெடி வெடித்துக் கொண்டாடியபோது பெரியப்பா மட்டும் போனில் ஒரு கேள்வி கேட்டார்: "ஏலத்த ரத்து பண்ணிட்டான், சரி. ஏலம் விடச் சொன்ன சட்டம் அப்படியேதானேப்பா இருக்கு?"

இருக்கிறது. 1957ஆம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டத்தில் 2023இல் ஒரு திருத்தம் கொண்டுவந்து, டங்ஸ்டன், லித்தியம் உட்பட 24 கனிமங்களைத் தனிப் பட்டியலாக்கி, அவற்றை ஏலம் விடும் அதிகாரத்தை மத்திய அரசு கையில் வைத்துக்கொண்டது. வருமானம் மாநிலத்துக்கு வரும், ஏலம் விடுவது டெல்லி. இதைச் சொன்னதும் அடுத்த கேள்வி: "அப்ப சட்டத்தையே எதுத்து நம்மள மாதிரி ஆளு கோர்ட்டுக்குப் போனா நிக்குமா? போனவன் எவனாச்சும் ஜெயிச்சிருக்கானா? அந்தத் தீர்ப்பையெல்லாம் புக்கா போட்டு அனுப்பு, போன்ல கண்ணு தெரியல."

ஆக பென்டிரைவில் பத்துப் பதினைந்து தீர்ப்புகளோடு போய் நின்றேன். வாசலில் மெஷின் பையன், ரொம்ப வேகம், நிமிர்ந்தே பார்க்காமல் "எத்தன செட்ண்ணா, முன்னப் பின்னயா, ஒரு பக்கமா" என்று கேட்டுவிட்டு வேலையை ஆரம்பிக்கப் போனான். முன்பின் என்றால் பக்கத்துக்கு 75 பைசா. நூல் போட்டுத் தைத்து அட்டை வைத்துக் கட்டினால் கட்டுக்கு 120 ரூபாய். தமிழ் டைப்பிங் பக்கத்துக்கு 40. எனக்கு மொத்தம் 1,240 பக்கம், மூன்று கட்டு, ஆறு பக்கம் தமிழ் அட்டவணை, 1,530 ரூபாய் ஆனது. எங்கள் ஏரியாவில் காலேஜ் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் இதே பக்கங்களுக்கு ஸ்பைரலோடு இரண்டாயிரத்துக்கு மேல் கேட்டார்கள். விலையில் குறையே சொல்ல முடியாது.

பெரியவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாற்பது வருஷத்துக்கு மேல் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தவராம், இப்போது கடையில் டைப்டு செட், அதாவது கோர்ட்டில் தாக்கல் செய்யும் ஆவணக் கட்டு, சரிபார்த்துக் கொடுக்கிறார், பக்க எண் போடுகிறார், எங்கே ஃப்ளாக் ஒட்டணும் என்று சொல்கிறார். நான் வருஷ வரிசையில் அடுக்கி வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, "சார், இது என்ன கேலண்டரா?" என்றார். பிறகு ஒவ்வொரு தீர்ப்பையும் வாங்கி இரண்டு மூன்று பக்கம் புரட்டி, "இதுல என்ன பிரேயர்?" என்று கேட்டார். நான் முழித்தேன். எல்லாம் சுரங்க வழக்குதானே, பிரேயர் என்ன பிரேயர்.

அவர் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். கோர்ட்டுக்குப் போகிறவன் என்ன கேட்கிறான் என்பதில்தான் பாதி வழக்கு இருக்கிறது. ‘இந்தச் சட்டமே செல்லாது என்று அறிவியுங்கள்’ என்று கேட்டால் அது டிக்ளரேஷன், அதற்கு இந்தச் சட்டத்தைப் போட நாடாளுமன்றத்துக்கு அதிகாரமே கிடையாது என்றோ, அரசியல் சாசனம் தந்த உரிமையை இது மீறுகிறது என்றோ காட்ட வேண்டும், மலையைப் பெயர்ப்பது மாதிரி. ‘சட்டம் இருந்துவிட்டுப் போகட்டும், இந்தக் குத்தகை ஆணையை மட்டும் ரத்து செய்து இப்படிச் செய்யச் சொல்லுங்கள்’ என்று கேட்டால், நம் ஹைகோர்ட்டில் அதற்கு சர்ஷியோரரிஃபைடு மேண்டமஸ் என்று நாக்கு சுளுக்கும் பெயர், அதில் அந்த ஆணை தப்பு என்று காட்டினால் போதும். இந்தப் பிரிவினைப்படி கட்டுப் போடலாம் என்றார். நான் கேட்காத சேவை, தனியாகக் காசும் வாங்கவில்லை. இந்த ஒன்றுக்காகவே அந்தக் கடைக்குப் போகலாம்.

முதல் கட்டு, சட்டத்தையோ விதியையோ நேராக எதிர்த்தவை. இதை அடுக்கும்போதே ஒன்று கண்ணில் பட்டது: என் பென்டிரைவில் இருந்தவரை இந்தக் கட்டில் வாதியாக நிற்பது பெரும்பாலும் கம்பெனிதான், ஊர்க்காரன் இல்லை. 1981இல் ஹிந்த் ஸ்டோன் வழக்கு, தமிழ்நாட்டுச் சிறு கனிம விதிகளில் 8சி என்று ஒன்று போட்டு கருப்பு கிரானைட் குவாரியைத் தனியாருக்குத் தர முடியாது என்று அரசு சொன்னது, குவாரிக்காரர்கள் எதிர்த்தார்கள், உச்ச நீதிமன்றம் விதி செல்லும் என்றது. ஆறும் காடும் கனிமமும் ஒரே தலைமுறை தின்று தீர்ப்பதற்கு இல்லை என்ற கருத்து அந்தத் தீர்ப்பில் வருகிறது, பெரியப்பாவுக்காக அங்கே ஃப்ளாக் ஒட்டச் சொன்னேன்.

அடுத்தது இந்தியா சிமெண்ட்ஸ், 1989. தமிழ்நாடு பஞ்சாயத்துச் சட்டத்தில் சுண்ணாம்புக்கல் ராயல்டி (கனிமம் எடுப்பதற்குக் குத்தகைக்காரர் கட்டும் தொகை) மேல் செஸ் என்று ஒரு கூடுதல் வசூல் போட்டார்கள், கம்பெனி எதிர்த்தது, ஏழு நீதிபதிகள் அமர்வு மாநிலத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்றது. அந்தத் தீர்ப்பில் ‘ராயல்டி ஒரு வரி’ என்று ஒரு வாக்கியம் இருக்கிறது. 2004இல் கேசோராம் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு உட்கார்ந்து, அது தட்டச்சுப் பிழை, ‘ராயல்டி மீதான செஸ் ஒரு வரி’ என்று இருந்திருக்க வேண்டும் என்று சொன்னது. பெரியவர் இந்த இடத்துக்கு வந்ததும் முகமே மாறிவிட்டது. "ஒரு வார்த்த விட்டா என்ன ஆகும்னு இந்தப் பசங்ககிட்ட தினம் சொல்றேன் தம்பி" (சார் போய் தம்பி ஆகிவிட்டிருந்தேன்). ஐந்து பேர் ஏழு பேரைத் திருத்தலாமா என்ற சிக்கலும் சேர்ந்துகொண்டு, 2011இல் விஷயம் ஒன்பது பேர் அமர்வுக்கு அனுப்பப்பட்டு, 2024 ஜூலை 25ஆம் தேதிதான் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் முடிந்தது: ராயல்டி வரி அல்ல, கனிமம் உள்ள நிலத்துக்கு மாநிலம் வரி போடலாம். ஆகஸ்டில் இன்னொரு உத்தரவு, 2005 ஏப்ரல் முதல் உள்ள பாக்கியை மாநிலங்கள் கேட்கலாம், ஆனால் 2026 ஏப்ரலில் தொடங்கி 12 வருஷத் தவணையில். இதெல்லாம் டெல்லி சமாச்சாரம் என்று நினைத்தால், இந்தத் தீர்ப்பை வைத்துத்தான் தமிழ்நாடு கனிம நில வரிச் சட்டம் போட்டது, 2025 ஏப்ரலில் அமலுக்கு வந்தது, குவாரிக்காரர்கள் ஸ்டிரைக் செய்தார்கள், எங்கள் தெருவில் வீடு கட்டிக்கொண்டிருந்தவர் எம்-சாண்ட் விலையைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

இரண்டாவது கட்டுதான் பெரியப்பா கேட்டது. அதில் சட்டத்தை யாரும் தொடவில்லை, சட்டத்தை வைத்தே அடித்திருக்கிறார்கள். டேராடூன் சுண்ணாம்புக் குவாரிகள் பற்றி 1983இல் ஓர் அமைப்பு உச்ச நீதிமன்றத்துக்கு எழுதிய கடிதத்தையே ரிட் மனுவாக எடுத்துக்கொண்டு, 1985இல் பல குவாரிகளை மூடச் சொன்னார்கள். வெறும் கடிதம். வக்காலத்து இல்லை, டைப்டு செட் இல்லை. (பெரியவர் இதைக் கேட்டுப் பெருமூச்சு விட்டார், அவர் தொழிலுக்கு ஆகாத தீர்ப்பு.)

சமதா வழக்கு, 1997. விசாகப்பட்டினம் மாவட்டத்தில் போர்ரா குகைப் பக்கம் பழங்குடி நிலத்தைக் கம்பெனிகளுக்குக் குத்தகைக்கு விட்டதை எதிர்த்து சமதா என்ற அமைப்பு போனது, உயர் நீதிமன்றத்தில் தோற்று உச்ச நீதிமன்றத்தில் இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்தது. வாதம் எதில் திரும்பியது தெரியுமா? அந்தப் பகுதி நில மாற்றச் சட்டம் பழங்குடி அல்லாத ‘நபர்’ யாருக்கும் நிலத்தைக் கொடுக்கக் கூடாது என்கிறது, கொடுக்கிற இடத்தில் இருக்கும் அரசாங்கமும் அந்த ‘நபர்’ என்ற சொல்லுக்குள் வருமா வராதா என்பதில். வரும் என்றார்கள். அவ்வளவுதான், அரசாங்கமே தனியார் கம்பெனிக்கு அந்த நிலத்தைத் தர முடியாமல் போயிற்று. ஒரே ஒரு சொல்.

ஒடிசாவின் நியாம்கிரி மலை வழக்கு, 2013. வன உரிமைச் சட்டத்தைக் காட்டி, பாக்சைட் எடுக்கலாமா என்று கிராம சபைகளையே முடிவு சொல்லச் சொன்னார்கள், 12 கிராம சபைகளும் வேண்டாம் என்றன. கோவா ஃபவுண்டேஷன் வழக்கில் 2014இல் அங்கே இருந்த இரும்புத்தாதுக் குத்தகைகளின் காலம் 2007 நவம்பர் 22ஆம் தேதியோடு முடிந்துவிட்டது, அதற்குப் பிறகு தோண்டியது சட்டவிரோதம் என்று தீர்ப்பு, அரசு விடாமல் 88 குத்தகைகளைப் புதுப்பிக்க, அதே அமைப்பு மறுபடி போய் 2018இல் அந்த 88ஐயும் ரத்து செய்ய வைத்தது. இதைப் படித்தால் பெரியப்பாவுக்கு ரத்த அழுத்தம் குறையும் என்று நினைக்கிறேன். நிலக்கரி வழக்கையும், அதாவது 2014இல் 214 ஒதுக்கீடுகள் ரத்தானது, இதே கட்டில் சேர்த்தேன்.

மூன்றாவது கட்டு வெளிநாடு, மெலிசானது, ஆனால் சட்டத்தையே எதிர்த்து ஜனங்கள் ஜெயித்ததை அதில்தான் பார்த்தேன். பிலிப்பைன்ஸில் பிலான் பழங்குடிகளின் சங்கம் 1995ஆம் ஆண்டு சுரங்கச் சட்டத்தை எதிர்த்து, 2004 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வெளிநாட்டுக் கம்பெனிகளோடு ஒப்பந்தம் போட வழிசெய்த முக்கியமான பிரிவுகள் செல்லாது என்றது. அதே வருஷம் டிசம்பரில் அதே நீதிமன்றம் மறுபரிசீலனையில் அதை அப்படியே திருப்பிப் போட்டுவிட்டது. "ரிவ்யூல கவுந்துடுச்சா!" என்று பெரியவர் தொடையில் தட்டிக்கொண்டார், சொந்தக் கட்சிக்காரன் தோற்ற மாதிரி. பனாமாவில் வேறு மாதிரி. ஒரு தாமிரச் சுரங்க ஒப்பந்தத்தை 2023 அக்டோபரில் 406ஆம் எண் சட்டமாகவே போட்டார்கள், நாடே வாரக்கணக்கில் ரோட்டில் உட்கார்ந்தது, நவம்பர் 28ஆம் தேதி அந்தச் சட்டம் அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் ஏகமனதாக அறிவித்தது. அதே சுரங்கத்துக்கு 1997இல் போட்ட பழைய சட்டத்தையும் 2017இலேயே இதே மாதிரி செல்லாது என்றிருந்தார்கள், அதை மீறித்தான் புதுச் சட்டம். மேலூரோடு ஒப்பிட ஆசையாக இருந்தது, ஆனால் நமக்கு ஏலம்தான் போயிற்று, பனாமாவில் சட்டமே போயிற்று.

சரி, குறைகளுக்கு வருகிறேன்.

ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பு நானூறு பக்கத்தை ஒட்டி வரும். வீட்டுக்கு வந்து பார்த்தால் முதல் கட்டு இளைத்துப் போயிருக்கிறது. பாதியில் எட்டு பேர் பெயரும் வரிசையாக வந்ததும் மெஷின் பையன் தீர்ப்பு முடிந்தது என்று நிறுத்திவிட்டான். நீதிபதி நாகரத்னாவின் மாறுபட்ட தீர்ப்பு மொத்தமாக இல்லை. ராயல்டி வரியின் தன்மை கொண்டதுதான், மாநிலங்கள் ஆளுக்கொரு வரி போட்டால் போட்டி வந்து கூட்டாட்சியில் கனிம வளர்ச்சியே சிதறும் என்று தனியாக நின்று எழுதிய பகுதி அது, எனக்கு உடன்பாடு இல்லை, ஆனால் அது இல்லாமல் அந்தக் கட்டை அனுப்புவது பாதி பஞ்சாயத்தைச் சொல்லிவிட்டு எழுந்து போகிற மாதிரி. மறுநாள் திரும்பப் போய்த் தையலைப் பிரித்து, சேர்த்து, மறுபடி தைத்தார்கள். காசு கேட்கவில்லை, ஆனால் ‘ஸாரி’யும் சொல்லவில்லை, ‘நீங்கதான் பாத்திருக்கணும்ண்ணா’ என்றான். முந்தின நாள் முழுத் தீர்ப்புக்கும் பணம் வாங்கினார்களே என்று கேட்டதற்குப் பதில் இல்லை. இதற்கு ஒரு மார்க் போச்சு.

இரண்டாவது, தமிழ் அட்டவணை. நான் கையால் எழுதிக் கொடுத்ததை ஒரு பெண் டைப் செய்தார், வேகமும் அழகும் உண்டு, பிழையும் உண்டு. 2024 தீர்ப்புக்கு நேராக நான் எழுதியது ‘ராயல்டி வரி அல்ல’. வந்தது ‘ராயல்டி வரி’. அல்ல என்பது அடுத்த வரிக்குப் போகும்போது காணாமல் போயிருந்தது. நான் சொன்னதும் பெரியவர் அந்தத் தாளை வாங்கி ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சத்தம் போடாமல் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, கேசோராம் கதையை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். எனக்கு பஸ் போய்விட்டது.

மூன்றாவது இன்னும் எரிச்சல். அட்டவணையை ஃபைலாகவும் வேண்டும் என்று கேட்டு வாங்கி வாட்ஸ்அப்பில் பெரியப்பாவுக்கு அனுப்பினேன். யூனிகோடு இல்லாத பழைய பாமினி எழுத்துருவில் அடித்திருக்கிறார்கள்! அவர் போனில் அது ஏதோ மந்திரம் மாதிரி இங்கிலீஷ் எழுத்தும் புள்ளியும் கமாவுமாகத் திறந்திருக்கிறது. "இது பனாமா பாஷையா?" என்று கேட்டார். யூனிகோடில் அடித்துத் தருவீர்களா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், அந்தத் தெருவில் நான் விசாரித்த இன்னும் இரண்டு கடைகளிலும் இதே பதில்தான், பழக்கம் இல்லை, வேணும்னா மாத்தித் தர்றோம், அதற்குத் தனிக் காசு.

போவதாக இருந்தால் மதியம் ஒன்றரை மணியிலிருந்து இரண்டேகால் வரை தவிர்த்துவிடுங்கள். கோர்ட் சாப்பாட்டு நேரம், ஜூனியர் வக்கீல்கள் கவுன் காற்றில் பறக்க ஓடி வந்து ‘இன்னிக்கே ஃபைல் பண்ணணும்’ என்று நிற்பார்கள், உங்கள் பென்டிரைவை யாரும் தொட மாட்டார்கள். திங்கட்கிழமை காலை அதைவிட மோசம். நான் இரண்டாம் முறை போனது வெள்ளி மாலை ஆறு மணிக்கு மேல், ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள், பெரியவர் டீ வாங்கிக் கொடுத்தார். வேலை முடிந்து பீச் ஸ்டேஷன் பக்கம் நடந்தால் பர்மா அத்தோ கிடைக்கும், ஆயிரம் பக்கம் கையில் தூக்கிக்கொண்டு நின்று சாப்பிடுவது கொஞ்சம் சிரமம். உட்கார கடையில் ஒரே ஒரு நாற்காலி, கார்டு கிடையாது, யுபிஐ உண்டு.

கட்டுகள் சித்தி பையன் கையில் போய்ச் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. பெரியப்பா இரண்டாம் கட்டில் சமதாவில் இருக்கிறார், ‘நபர்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் பேனாவால் சுழித்து வைத்திருப்பதாகச் சொன்னார். நேற்று மறுபடி போன். ஊர் டீக்கடையில் வைக்க இன்னொரு செட் வேண்டுமாம், மூன்றாவது கட்டு முதலில் இருக்கட்டும் என்றார். அடுத்த வெள்ளி போகிறேன். அட்டவணையை இந்த முறை நானே யூனிகோடில் அடித்துக்கொண்டு போகிறேன், டைப்பிங் காசு 240 மிச்சம்.